பால் சுறா வேண்டுமா, சாளை போதுமா? கர்ப்பிணியும் பெற்றவளும் கைக்குழந்தையும் உண்ண வேண்டியவை குறித்து

தங்கச்சிமடம் மருமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பரமக்குடியில் பிறந்து, தங்கச்சிமடத்தில் மீன்பிடித் தொழில் செய்யும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். இது முதல் பிள்ளை. ஆறாம் மாதம் நடக்கிறது. சென்ற பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்ததால், இரும்புச் சத்துக்கான சிவப்பு மாத்திரையை நாளுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளும்படி நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். அதை விழுங்கினால் குமட்டுகிறது, மலமும் கறுத்துப் போகிறது. ஆகவே அதைத் தொடர்வதா என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது.

பெரிய குழப்பம் மீனைப் பற்றியது. பிள்ளை பிறந்ததும் பால் ஊறுவதற்குப் பால் சுறாப் புட்டு கொடுப்பது இங்கே வழக்கம். என் மாமியார் ஒரு படி மேலே போய், இப்போதிருந்தே வாரம் இரண்டு முறை அதைச் சமைத்துத் தருகிறார். பரமக்குடியில் இருக்கும் என் அம்மாவோ, மீன் கரப்பான் பண்டம், பிள்ளைக்குச் சொறி சிரங்கு வரும், பிள்ளை பெறும் வரை தொடாதே என்கிறார். கைபேசியில் தேடினால் கடல் மீனில் பாதரசம் இருக்கிறது என்று பயமுறுத்துகிறார்கள். கணவர் என் மேல் உள்ள அக்கறையில், விலைக்குப் போக வேண்டிய வஞ்சிரத் துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறார். இவர்களில் யார் சொல்வதைக் கேட்பது? பிள்ளை பிறந்த பிறகு என்ன மாற வேண்டும் என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றி உடையவளாக இருப்பேன்.

கரைவலை, மண்டபம் எழுதியது:

தங்கச்சி, மருத்துவம் எனக்குத் தெரியாது, மீன் தெரியும். ஆகவே அதை மட்டும் சொல்கிறேன். நம் கரையில் மீனின் விலைக்கும் அதன் சத்துக்கும் தொடர்பு இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். வஞ்சிரம், பாறை, பெரிய ஊளி ஆகியவை ஏலத்தில் விலை போவது முள் குறைவாகவும் துண்டு பெரியதாகவும் இருப்பதால்தான். கூறு கட்டி விற்கும் சூடை, சாளை, நெத்திலி, காரல் ஆகியவற்றைத் தலையும் நடுமுள்ளும் சேர்த்து மென்று தின்றுவிட முடியும். மண்சட்டியில் புளி ஊற்றிச் சிறு தீயில் வைத்தால் சூடையின் முள் தனியாகவே தெரியாது. எங்கள் வீட்டில் பெண்கள் காலங்காலமாகத் தின்றது இந்த மீன்களைத்தான். விலை போகாததால்தான் இவை வீட்டுக்கு வந்தன என்பது வேறு கதை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது. ஆனால் நாட்டுப்படகுக்கும் கரைவலைக்கும் அந்தத் தடை இல்லை. ஆகவே அந்த மாதங்களில் பெரிய மீன்தான் அரிதாகும். சிறு மீன் கரைக்கு வந்துகொண்டுதான் இருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும். சாளையும் கும்பளாவும், அதாவது அயிலையும், வெயிலில் கிடந்தால் மிக விரைவில் கெடும். அப்படிக் கெட்ட மீனைச் சமைத்தாலும் முகம் சிவந்து, உடல் தடித்து, தலைவலி வரும். உங்கள் அம்மா கரப்பான் என்று சொல்வதற்கு ஒருவேளை இதுவே காரணமாக இருக்கலாம். பரமக்குடிக்கு மீன் போய்ச் சேரும்போது அது என்ன நிலையில் இருந்ததோ யார் கண்டது.

ஓய்வுபெற்ற செவிலி, தொண்டி எழுதியது:

மகளே, முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ கேட்டவற்றில் அவசரமானது அதுதான். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 10 முதல் 10.9 வரை இலேசானது, 7 முதல் 9.9 வரை நடுத்தரமானது, 7-க்குக் கீழே போனால் கடுமையானது. நீ நடுத்தர நிலையில் இருக்கிறாய். சிவப்பு மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. சோகை இல்லாத கர்ப்பிணிக்கே நான்காம் மாதத்திலிருந்து நாளுக்கு ஒன்றாக 180 நாளும், பிள்ளை பிறந்த பின் மேலும் 180 நாளும் கொடுப்பது அரசு நடைமுறை. சோகை உள்ளவருக்கு அது இரண்டாகிறது. இந்த அளவு இரும்பை உணவால் மட்டும் ஈடுகட்ட இயலாது. முருங்கைக்கீரையும் சுவரொட்டியும் பேரீச்சையும் நல்லவைதான், ஆனால் அவற்றை மாத்திரையோடு சேர்த்து உண்ண வேண்டுமே தவிர மாத்திரைக்குப் பதிலாக உண்ணக் கூடாது. ஈரலை மட்டும் கர்ப்பத்தின் போது தவிர்த்துவிடு. அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

மலம் கறுப்பது உடலில் சேராத இரும்பு வெளியேறுவதால். அதில் கெடுதி ஏதும் இல்லை. குமட்டல் இருந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் படுக்கப் போகும் முன் ஒரு மாத்திரையை எடு. தூக்கத்தில் குமட்டல் தெரியாது. எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் இரும்பு நன்றாக உட்கிரகிக்கப்படும். தேநீரோடும் காப்பியோடும் பாலோடும் எடுக்காதே. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் தருகிறார்கள் அல்லவா, அதற்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். நம் பக்கத்தில் காலையில் வெறும் வயிற்றில் வரத்தேநீர் குடித்து, அந்த வாயோடு மாத்திரையையும் விழுங்கிவிட்டு, மாதக்கணக்கில் சாப்பிட்டும் இரத்தம் ஏறவில்லை என்று வந்து நின்ற பெண்களை நான் பணியில் இருந்த காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். பச்சரிசி, சாம்பல், கல்பல்பம் போன்றவற்றைத் தின்னத் தோன்றினால் வெட்கப்பட்டு மறைக்காமல் நர்ஸம்மாவிடம் சொல்லிவிடு; அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம்.

இனி மீன். உன் அம்மாவின் அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. மீன் ஒவ்வாமை உனக்கு ஏற்கெனவே இருந்தால் நீ மீனைத் தவிர்க்க வேண்டும்; மற்றபடி நீ மீன் தின்பதால் பிள்ளைக்குச் சொறி வராது. மாறாக, கருவில் இருக்கும் பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் தேவையான டி.எச்.ஏ. என்னும் கொழுப்பு அமிலம் சாளை, அயிலை போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மீன்களில் நிறைந்திருக்கிறது. புரதமும் பி12-உம் எளிதில் சேரும் இரும்பும் அதனுடனேயே வருகின்றன. முள்ளோடு தின்னும் மீனில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் நாளுக்குச் சுமார் 9.5 கிராம் புரதமும், கடைசி மூன்று மாதங்களில் சுமார் 22 கிராமும் கூடுதலாகத் தேவை என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கலோரியில் கூடுதல் தேவை 350 அளவுதான். இருவருக்காகச் சாப்பிடு என்று சொல்லிச் சோற்றைக் குவிக்கும் நம் வழக்கம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது: கூட வேண்டிய மீனும் பருப்பும் முட்டையும் அப்படியே இருக்க, சோறு மட்டும் கூடுகிறது.

பாதரசம் பற்றிக் கைபேசியில் நீ படித்தது பொய்யன்று; ஆனால் எல்லா மீனுக்கும் அது ஒரே அளவில் பொருந்தாது. கடலடிச் சேற்றில் உள்ள நுண்ணுயிரிகள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. நுண்ணிய மிதவை உயிர்களைத் தின்னும் சாளையிலும் நெத்திலியிலும் அது மிகக் குறைவு. அவற்றைத் தின்னும் மீனில் கூடுகிறது. அந்த மீனைத் தின்னும் சுறாவில் இன்னும் கூடுகிறது. சுறா நீண்ட காலம் வாழ்வதால் ஆண்டுக்கு ஆண்டு அதன் உடலில் சேர்ந்துகொண்டே போகிறது. அது தசையில் உள்ள புரதத்தோடு பிணைந்திருப்பதால் மஞ்சள் போட்டுக் கழுவினாலும், அவித்து நீரை வடித்தாலும் போகாது. நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளையின் வளரும் மூளையைச் சென்று சேரக் கூடியது என்பதால்தான் கர்ப்பிணிகளுக்கு இவ்வளவு கண்டிப்பு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சுறாவைக் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் தவிர்க்கச் சொல்கிறது. பாதரசம் குறைந்த மீனை வாரத்துக்கு இரண்டு மூன்று வேளையாக 225 முதல் 340 கிராம் வரை உண்ணவும் அதே நிர்வாகம்தான் சொல்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே உன் மாமியாரிடம் சண்டை போடாமல் சொல்: இப்போது சுறா வேண்டாம், சாளையும் நெத்திலியும் கிழங்கானும் போதும். உன் கணவர் கொண்டுவரும் பெரிய வஞ்சிரமும் இரை பிடித்துத் தின்னும் மீன்தான். எப்போதாவது ஒரு துண்டு போதும். அதை ஏலத்தில் போட்டுவிட்டு, அந்தப் பணத்தில் முட்டையும் பயறும் கொய்யாப்பழமும் வாங்கி வரச் சொன்னால் அந்த அக்கறை உனக்கு இன்னும் நன்றாகப் பயன்படும்.

பனைக்காடு, சாயல்குடி எழுதியது:

செவிலியம்மாவின் மீது மதிப்பு உண்டு. என்றாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. என் பாட்டியும் அவருக்கு முன்னிருந்தவர்களும் பால் சுறா தின்றுதான் பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் கட்டுமரத்தில் போய்க் கடலை அளந்தார்கள், கணக்கும் பார்த்தார்கள். எங்கோ இருக்கும் ஒரு நாட்டின் நிர்வாகம் அவர்கள் கடலில் பிடிக்கும் பெருஞ்சுறாவுக்குச் சொன்ன விதியை, கை நீளமே உள்ள நம் பால் சுறாவுக்குப் பொருத்துவது சரியா? இப்படி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால், கடைசியில் பிள்ளை பெற்றவளுக்கு மிஞ்சுவது டப்பாவில் விற்கும் மாவு ஒன்றுதான். உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், பூண்டுக் குழம்பு, பனங்கிழங்கு என்று நம் மண்ணில் விளைந்தவற்றை மீண்டும் கொடுத்தாலே சோகை ஓடிவிடும் என்பது என் கருத்து.

ஓய்வுபெற்ற செவிலி, தொண்டி எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் உடன்பாடுதான். டப்பா மாவின் மீது உங்களுக்கு உள்ள கோபம் எனக்கும் உண்டு. பால் சுறா உருவில் சிறிய இனம், பெருஞ்சுறா அளவுக்கு அதில் பாதரசம் சேராது என்பதும் நியாயமான வாதம். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவைகூடக் கர்ப்பிணி சுறாவை முற்றிலும் விலக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பால் கொடுப்பவள் வாரத்துக்கு ஒரு வேளைக்கு மேல் உண்ண வேண்டாம் என்று அளவைத் தளர்த்துகிறது. பெற்றவளுக்கு எப்போதாவது ஒரு நாள் சுறாப் புட்டு கொடுத்தால் அதை நஞ்சென்று நான் சொல்ல மாட்டேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வாரம் இரு முறை என்பதைத்தான் மறுக்கிறேன். அதோடு, சந்தையில் பால் சுறா என்று துண்டு போட்டு விற்பவை எல்லாம் உண்மையில் பால் சுறாதானா என்பதைக் கரையில் நிற்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பால் ஊறுவதற்கும் சுறாவுக்கும் உள்ள தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை எவ்வளவு அடிக்கடி சப்பிக் குடிக்கிறதோ, மார்பு எவ்வளவு முழுமையாகக் காலியாகிறதோ, அவ்வளவு பால் மீண்டும் சுரக்கும். அதற்கு வேண்டியவை இரவிலும் பிள்ளையைத் தாயருகே போடுவது, சரியாகக் கவ்வ வைப்பது, தாய்க்கு வயிறு நிறையச் சாப்பாடு, தாகத்துக்குத் தண்ணீர். பெற்றவளுக்கு முதல் ஆறு மாதத்தில் நாளுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். கர்ப்பத்தில் வேண்டியதைவிட இது மிக அதிகம். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? வளைகாப்பு வரை ஊட்டி ஊட்டி வளர்த்தவளை, பிள்ளை பிறந்ததும் பத்தியம் என்று சொல்லிப் பூண்டுக் குழம்பும் சுட்ட கருவாடும் கொடுத்து, வயிறு போட்டுவிடும் என்று தண்ணீரையும் குறைத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டினியின் நடுவே வரும் ஒரே புரதம் சுறாப் புட்டு என்பதால், அதனால்தான் பால் ஊறியது என்ற நம்பிக்கை வலுப்பட்டிருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். அதே புட்டை வேறு மீனில் செய்யலாம். கிழங்கானை அவித்து உதிர்த்து, பூண்டும் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுச் செய்து பாருங்கள்.

உளுந்தங்களி அருமையான உணவு. கருப்பட்டியைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. வெள்ளைச் சீனியைவிட மணமும் சிறிதளவு தாதுக்களும் அதில் உண்டென்றாலும், இரத்தத்தில் சேரும்போது அதுவும் சர்க்கரைதான். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையில் 140-க்கு மேல் வந்த, அதாவது கர்ப்பகாலச் சர்க்கரை நோய் உள்ள பெண்ணுக்கு, மண்ணில் விளைந்தது என்று சொல்லிக் கருப்பட்டிப் பணியாரம் கொடுக்க இயலாது.

கீழக்கரை உம்முமா எழுதியது:

எங்கள் ஊரில் பெண் பிள்ளை பெரும்பாலும் தாய் வீட்டிலேயே இருப்பதால், உன் மாமியாருக்கும் உன் அம்மாவுக்கும் நடக்கும் இழுபறி எங்களுக்கு அவ்வளவாக இல்லை. அடுப்பு முழுவதும் எங்கள் கையில்தான். அதனால் தவறு நடந்தால் பழி போட வேறு ஆளும் கிடையாது. என் பேத்திமார் பிள்ளை பெற்றபோது நான் கண்டவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்.

ரமலானில் கர்ப்பிணியும் பால் கொடுப்பவளும், தனக்கோ பிள்ளைக்கோ கேடு வரும் என்று அஞ்சினால், நோன்பை விட்டுப் பிறகு நிறைவேற்றிக்கொள்ள மார்க்கத்தில் சலுகை உண்டு. ஆனால் வீட்டில் எல்லோரும் நோன்பிருக்கும்போது தான் மட்டும் உண்பதற்கு வெட்கப்பட்டு, சகர் என்னும் விடியலுக்கு முந்தைய உணவு நேரத்தில் இரண்டு வாய் சோற்றோடு பகல் முழுவதும் கிடக்கும் இளம் பெண்களை இன்றும் பார்க்கிறேன். நம் ஊரின் பங்குனி, சித்திரை வெயிலில் தண்ணீர்கூட இல்லாமல் இருப்பது விளையாட்டல்ல. ஆகவே வீட்டில் உள்ள பெரியவள்தான் முதலில் அவளை அழைத்து உட்கார வைத்துச் சோறு போட வேண்டும். இன்னொன்று, இஃப்தாருக்குச் செய்யும் கடல்பாசியைச் சத்து என்று நினைத்து அதிகம் கொடுக்கிறார்கள். அது வயிற்றுக்குக் குளிர்ச்சியான இனிப்பு, மலம் இளக உதவும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. நோன்புக் கஞ்சி அப்படியல்ல. அரிசி, பயறு, கறி, வெந்தயம் எல்லாம் கூடிய அதை நோன்பு இல்லாத மாதங்களிலும் கர்ப்பிணிக்குக் காய்ச்சித் தரலாம்.

பிறந்த பிள்ளையின் அண்ணத்தில் மென்ற பேரீச்சையைத் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். மற்றவர்கள் சேனை தொட்டு வைப்பது என்று சீனித் தண்ணீரோ தேனோ வைக்கிறார்கள். எங்களிலும் சிலர் பேரீச்சைக்குப் பதிலாகத் தேனை வைக்கிறார்கள். எங்கள் பிள்ளை மருத்துவர் தேனை மட்டும் ஒரு வயது முடியும் வரை கண்டிப்பாகக் கூடாது என்றார். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, கைக்குழந்தையின் குடலில் முளைத்து, தசையைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்குமாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்துவிட வேண்டும், மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது என்றும் சொன்னார். முழுமையாக இரண்டு ஆண்டு பாலூட்டுவதைக் குர்ஆனே சொல்கிறது. ஆனால் மூன்றாம் மாதத்திலேயே புட்டிப்பாலை நாடுவது இப்போது எங்கள் தெருவில் பெருமையாகிவிட்டது.

உப்பளத்துக்காரன், வாலிநோக்கம் எழுதியது:

எல்லோரும் மீனைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தக் குழம்பில் போடும் உப்பைப் பற்றி நான் சொல்கிறேன். உப்பளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பாத்தியிலிருந்து நேரே அள்ளி வந்த கல்லுப்பைப் பானையில் கொட்டி வைத்து ஆண்டு முழுவதும் புழங்குவது வழக்கம். கடலில் இருந்து வந்த உப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. கடல் நீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பில் அயோடின் மிகச் சிறிதளவே தங்குகிறது. அதனால்தான் தனியாகச் சேர்க்கிறார்கள். சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்பது நாடு முழுவதும் 2006 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. கடை உப்பில் வாங்குபவர் கைக்கு வரும்போது பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும். அதாவது ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம்.

மற்றவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும் என்றால், கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் 250 தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அயோடினைக் கொண்டு உருவாகும் தாயின் தைராய்டுச் சுரப்பை நம்பித்தான் கருவின் மூளை தொடக்கத்தில் வளர்கிறது. மீனும் முட்டையும் பாலும் ஓரளவு அயோடின் தரும். ஆகவே செய்ய வேண்டியது எளிது: கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அயோடின் கலந்த உப்பு, கல்லுப்பாகவே வேண்டுமென்றால் அயோடின் கலந்த கல்லுப்பு; மூடிய பாத்திரத்தில், அடுப்பு வெக்கை படாத இடத்தில். இறக்கும் தறுவாயில் போட்டால் வீணாவது குறையும். பானையில் உள்ள அளத்து உப்பைக் கருவாடு போடப் பயன்படுத்துங்கள். எங்களுக்கும் வியாபாரம் நடக்க வேண்டும் அல்லவா.

அயோடின் தேவை என்று உப்பைக் கூட்டிவிடவும் கூடாது. இங்கே ஏற்கெனவே ஊற்று நீரும் அடிகுழாய் நீரும் உவர்க்கின்றன. வங்கதேசக் கடலோரத்தில் நடந்த ஆய்வுகளில், உவர் நீர் குடித்த கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தக் கோளாறு கூடுதலாகக் காணப்பட்டது. கர்ப்பிணிக்குக் குடிக்கவும் உலை வைக்கவும் காவிரிக் குழாய் நீரையோ வாங்கும் நன்னீரையோ ஒதுக்கிவிடுவது நல்லது. தடைக்காலக் கருவாட்டையும் வெந்நீரில் ஊறப்போட்டு அந்த நீரைக் கொட்டிவிட்டே சமைக்க வேண்டும். காலில் வீக்கமோ அழுத்தமோ இருப்பவள் கருவாட்டை விட்டுவிடலாம்.

தங்கச்சிமடம் மருமகள் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. எங்கள் வீட்டில் பானை உப்புதான். இன்றே மாற்றச் சொல்லிவிட்டேன். மாத்திரையை இரவுக்கு மாற்றினேன், குமட்டல் குறைந்திருக்கிறது. மாமியார் சுறாவை விடுவதாக இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு இறங்கி வந்திருக்கிறார். பப்பாளியும் அன்னாசியும் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? பிள்ளைக்கு எப்போது, எதில் தொடங்கிச் சோறு ஊட்டுவது, மீன் எப்போது கொடுப்பது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ள விரும்புகிறேன், ஏனென்றால் என் நாத்தனாரின் பிள்ளைக்கு நான்காம் மாதத்திலேயே பிஸ்கட்டைக் கரைத்து ஊட்டினார்கள்.

ஓய்வுபெற்ற செவிலி, தொண்டி எழுதியது:

நன்கு பழுத்த பப்பாளியில் கேடு இல்லை. பால் வடியும் காயையும் செங்காயையும் தவிர்த்துவிடு. அன்னாசி ஓரிரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது. குங்குமப்பூ பிள்ளையின் நிறத்தை மாற்றாது. அந்தப் பணத்துக்கு நிறைய முட்டை வாங்கலாம்.

பிள்ளைக்கு ஆறு மாதம், அதாவது 180 நாள் நிறையும் வரை தாய்ப்பால் மட்டும். அக்னி நட்சத்திர வெயிலாக இருந்தாலும் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பங்கு தண்ணீர்தான் இருக்கிறது. கிரைப் வாட்டர், உரை மருந்து, கழுதைப்பால் எதுவும் தேவையில்லை. மருத்துவர் எழுதித் தரும் சொட்டு மருந்து மட்டும் விதிவிலக்கு.

ஆறு மாதம் முடிந்ததும் தாமதிக்கவும் கூடாது. தாயிடமிருந்து பெற்ற இரும்புச் சேமிப்பு அந்த வயதில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. நம் பக்கத்தில் இங்கேதான் பெரிய சறுக்கல் நடக்கிறது. பருப்புத் தண்ணீர், சாதம் வடித்த கஞ்சி, ரசம் என்று நீர்த்த பொருள்களையே ஊட்டுகிறார்கள். பிள்ளையின் வயிறு சிறியது. தண்ணீரால் நிரப்பினால் சத்து எங்கே புகும்? கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். குழைந்த சோறும் வெந்த பருப்பும் மசித்து, ஒரு சொட்டு நல்லெண்ணெயோ நெய்யோ விட்டு, இரண்டு மூன்று சிறு கரண்டியில் தொடங்கு. எட்டு மாதம் முடியும் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. அளவும் கெட்டியும் வயதோடு கூடட்டும். ஒரு வயதில் வீட்டுச் சாப்பாட்டைக் காரம் குறைத்து உண்ணலாம். நம் முண்டு மிளகாய் அதற்குள் வேண்டாம். தாய்ப்பாலை இரண்டு வயதுக்கு மேலும் தொடரலாம்.

மீனையும் முட்டையையும் ஆறு மாதம் முடிந்த பிறகு கொடுக்கத் தொடங்கலாம்; அவற்றைத் தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை குறைவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு மீன், முட்டை, இறைச்சி போன்றவற்றில் ஏதேனும் ஒன்றை நாள்தோறும் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு அது கடினமா? புதிய உணவை ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளியில் தொடங்கினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரியும். ஒரு வயது வரை உப்பும் சீனியும் கருப்பட்டியும் சேர்க்காதே. பசும்பாலை முதன்மைப் பாலாகக் கொடுக்காதே. பிஸ்கட்டும் தேநீரும் எந்த வயதுப் பிள்ளைக்கும் உணவாகாது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை இரும்புச் சத்துச் சொட்டு மருந்தை வாரம் இரு முறை 1 மில்லி கொடுப்பார்கள், கேட்டு வாங்கு.

அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் பிள்ளைக்கும் தரும் சத்துமாவை மாட்டுக்குக் கலக்கும் வீடுகளை நான் அறிவேன். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் வரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் உள்ள பேரீச்சையும் நெய்யும் மாமனார் தட்டுக்குப் போவதையும் அறிவேன். பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் எண், வாங்கியிருக்கிறாய் அல்லவா? பெட்டகம் வந்தால் உன் அறையிலேயே வைத்துக்கொள். இன்னும் ஒரு மாதத்தில் இரத்தத்தை மீண்டும் பார்க்கச் சொல். மாத்திரையை ஒழுங்காக எடுத்தும் ஒரு கிராம்கூட ஏறாமல் இருந்தால், பூச்சி மருந்து கொடுத்தார்களா, ஊசி வழியாக இரும்பு ஏற்ற வேண்டுமா என்பதை மருத்துவரிடம் நேராகக் கேள். கடைசி மாதம் வரை காத்திருக்காதே.

பனைக்காடு, சாயல்குடி எழுதியது:

மாமனார் தட்டைப் பற்றிச் சொன்னது சுட்டது, உண்மைதான். சுறாவைப் பற்றிய என் கருத்தை முழுவதும் மாற்றிக்கொள்ளவில்லை என்றாலும், கர்ப்பத்தில் தவிர்ப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை என்பதை ஏற்கிறேன். கிழங்கான் புட்டு எங்கள் வீட்டில் செய்தார்கள். சுறாவைப் போலப் பூப்பூவாக உதிரவில்லை, கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. சுவையில் குறை இல்லை.

கரைவலை, மண்டபம் எழுதியது:

அவித்த பின் நன்றாக ஆறவிட்டு, துணியில் போட்டுப் பிழிந்து உதிர்த்தால் ஒட்டாது. தங்கச்சி, பிள்ளைக்கு மீன் கொடுக்கும்போது சூடை, சாளையை இப்போதைக்கு விட்டுவிடு. பெரியவர் மென்று தின்னும் முள் பிள்ளையின் தொண்டையில் சிக்கும். கிழங்கானின் நடுமுள்ளை எடுத்துவிட்டால் சதை எளிதாகப் பிரியும். கரண்டியால் மசிக்காமல், கழுவிய விரலால் சோற்றோடு பிசைந்து பார். கண்ணுக்குத் தெரியாத முள் விரலுக்குத் தெரியும். கரைவலை இழுக்கும் ஊர்களில் காலையில் வலை ஏறும் நேரத்துக்குப் போனால், வியாபாரி கூடையில் அள்ளுவதற்கு முன்பே உயிர் துடிக்கும் கிழங்கானைக் கைநிறைய வாங்கிவிடலாம். உன் கணவருக்கு அந்த நேரம் தெரியாமல் இருக்காது.